சித்திரத்தில் முகம், கல்லில் பெயர்

கொச்சித் துறைமுகத்தை அடுத்த மட்டாஞ்சேரியில் ‘டச்சு அரண்மனை’ என்று வழங்கும் பழைய மாளிகையைப் பாராத தமிழன்பர் அவ்வூரில் இருத்தல் அரிது. பிழைப்பை நாடிக் கொச்சிக்கு வந்து தங்கிவிட்ட நம்மவர், ஊரிலிருந்து உற்றார் உறவினர் வந்தால் அழைத்துச் சென்று காட்டும் இடங்களுள் அதுவும் ஒன்று. முடிசூட்டு மண்டபத்தையும், பல்லக்குகளையும், கொச்சி மன்னர்களின் உருவப்படங்களையும், பள்ளியறைச் சுவர்களில் நிறைந்துள்ள இராமாயணச் சித்திரங்களையும் வியந்து பார்த்துத் திரும்புகிறோம். ஆயின், கீழ்த்தளத்தில் அரண்மனைப் பெண்டிர்க்கென அமைந்த அறைகளின் சுவரோவியங்களை நின்று நோக்குவோர் சிலரே. நாம் இன்று பேசப்புகும் பொருள் அந்த அறைகளிலிருந்தே தொடங்குகிறது.

அங்கே கண்ணபெருமான் கோபியர் நடுவே இருக்கிறான். மற்றொரு சுவரில் சிவபெருமானும் மோகினியும் காட்சி தருகின்றனர். இன்னோரிடத்தில் காளிதாசரின் குமாரசம்பவத்தைத் தழுவிய காட்சிகள் உள்ளன. அவற்றுட் சில வண்ணம் பெறாமல் கோட்டுருவாகவே நின்றுவிட்டன. காவியும் மஞ்சளும் பச்சையும் கலந்த அந்தச் சுவர்களில் எத்தனையோ பெண்முகங்கள். நீண்ட விழி, வில்லொத்த புருவம், கனத்த கொண்டை, மார்பையும் இடையையும் மூடிய அணிகலன்கள். ஒரு முகத்துக்கும் மறு முகத்துக்கும் வேற்றுமை காண்பது கடினம். இவர்கள் தெய்வ மகளிர். மண்ணுலகப் பெண் எவருடைய சாயலையும் அங்கே தேடுதல் பொருந்தாது எனலாம். ஆயினும், பெண்ணழகு இத்தகையது என்னும் இலக்கணத்தை அந்நாட்டுக் கலைஞர்களுக்கு வகுத்துக் கொடுத்தவர் யார் என்று வினவினால், விடை நம்மைக் கணிகையர் பாற் கொண்டு செல்கிறது.

பழங்காலக் கலையில் கணிகை எவ்வாறு காட்டப்பெற்றாள்? காட்டியவர் யார், யாருக்காகக் காட்டினர்? காட்சிப் பொருளான அந்தப் பெண்ணின் பெயரும் வாழ்வும் என்னவாயின? இவ்வினாக்களைக் கையில் விளக்காகக் கொண்டு, மட்டாஞ்சேரியிலிருந்து புறப்பட்டு, ஜப்பான் நாட்டு எடோ நகரையும் நம் தஞ்சையையும் கண்டு திரும்ப முயல்வோம்.

முதலில் கேரள நாட்டுக் கவிதையைப் பார்ப்போம். மணிப்பிரவாளம் என்றால், வைணவப் பெரியோர் திவ்வியப் பிரபந்தத்துக்கு எழுதிய வியாக்கியான நடையே நமக்கு நினைவுக்கு வரும். கேரளத்தில் அப்பெயர் நாட்டு மொழியும் வடமொழியும் கலந்த கவிதை நடையைக் குறிக்கும். அதற்கெனவே 14-ஆம் நூற்றாண்டில் ‘லீலாதிலகம்’ என்னும் இலக்கண நூல் தோன்றியது. அந்நடையில் எழுந்த மிகப் பழைய சம்பூ காவியங்கள் மூன்று: உண்ணியச்சி சரிதம், உண்ணிச்சிருதேவி சரிதம், உண்ணியாடி சரிதம். 13, 14-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த இம்மூன்றுக்கும் தலைவியர் அரச குலத்தாரோ, ஆசையோடு மூடிமறைத்துப் பாராட்டப்பெற்ற குலமகளிரோ அல்லர். ஆடலிலும் அழகிலும் பேர்பெற்று, செல்வர் நாடிவர வாழ்ந்த அச்சிமாரும் அவர்தம் மரபினருமே.

உண்ணியச்சியின் எழில் கண்டு கந்தருவன் ஒருவன் மண்ணுலகுக்கு இறங்கி வருகிறான். உண்ணிச்சிருதேவியைக் காண இந்திரனே வருகிறான். வருகின்ற வழியில் கடைத்தெரு வருணனை, கோயில் வருணனை, வீட்டு வாயிலில் காத்துக்கிடப்போரின் கூட்டம் என்று அக்காலத்து வாழ்வெல்லாம் விரிகிறது. வரலாற்று ஆசிரியர் இக்காவியங்களை விரும்பிப் பயில்வது அந்தக் கடைத்தெருக்களுக்காகவே எனலாம். ஆனால் தலைவி பேசுவது எத்துணை? மிகச் சிறிதே. அவளைத் தலைமுதல் கால்வரை பாடுவதே கவிஞரின் தொழிலாக இருந்தது.

இவற்றோடு ‘வைசிகதந்திரம்’ என்னும் நூலும் உண்டு. அது தாய் தன் மகளுக்குக் கணிகைத் தொழிலின் நெறிகளை எடுத்துரைப்பதாக அமைந்தது. இளமை நில்லாது, இருக்கும்போதே நாளைக்கு வழி தேடிக்கொள் என்னும் அறிவுரை அதன் அடிக்கருத்து. ஒரு பெண்ணின் குரல் இங்கே கேட்கிறதே என்று மகிழ்கிறோம். ஆனால் அந்தத் தாயின் வாய்க்குள்ளிருந்து பேசுபவரும் கவிஞரே. 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘சந்திரோத்சவம்’ மேதினிவெண்ணிலாவு என்னும் கணிகை நிலவுக்கு எடுத்த திருவிழாவைப் பாடுகிறது. அது புகழ்ச்சியா, அன்றிப் புகழ்ச்சியின் வேடம் பூண்ட கேலியா என்று அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர்.

கேரளக் கவிதை நமக்குத் தருவது இது: பெயர் உண்டு, ஊர் உண்டு, வீடு உண்டு, ஆனால் முகம் எல்லார்க்கும் பொதுவான முகம். அரண்மனைச் சுவரிலோ முகம் உண்டு, வண்ணம் உண்டு. மண்ணுலகப் பெண்ணின் பெயர் இல்லை. கவிஞர் கணிகைக்குச் சூட்டிய அதே விழியும் புருவமும் கொண்டையும் சுவரோவியத்தில் கோபியர்மேல் ஏறி நிற்கின்றன என்பது நம் கருத்து. புகழப்பெற்ற அழகு கோயிலுக்கும் அரண்மனைக்கும் சென்றது. புகழப்பெற்றவள் ஏட்டில் தங்கிவிட்டாள்.

இனிக் கடல் கடப்போம். அதற்கு மட்டாஞ்சேரியிலேயே ஒரு கப்பல் காத்திருக்கிறது. நாம் பேசும் அரண்மனையை 1555-ஆம் ஆண்டளவில் கட்டிக் கொச்சி மன்னர் வீரகேரளவர்மருக்கு அளித்தவர்கள் போர்ச்சுகீசியர். 1663-இல் அவர்களை வென்று கொச்சிக் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அதனைச் செப்பனிட்டமையால் ‘டச்சு அரண்மனை’ என்ற பெயர் நிலைத்தது. அவர்களுடைய கீழைநாட்டு வாணிகக் கம்பெனி 1795-இல் ஆங்கிலேயரிடம் கொச்சியை இழக்கும் வரை இங்கே மிளகு வாங்கிற்று. அதே கம்பெனி, 1641 முதல், ஜப்பானில் நாகசாகித் துறைமுகத்தை ஒட்டி மண்கொட்டி எழுப்பிய ‘தெஷிமா’ என்னும் சிறு தீவிலும் பண்டகசாலை வைத்திருந்தது. ஐரோப்பியருள் ஒல்லாந்தருக்கு மட்டுமே ஜப்பான் அன்று கதவைத் திறந்திருந்தது. அதுவும் ஒற்றைக் கதவு. அங்கே வாங்கிய ஜப்பானியச் செம்பு சோழமண்டலக் கரைக்கும் மலையாளக் கரைக்கும் வந்து விலைபோயிற்று.

தெஷிமாவில் தங்கிய ஒல்லாந்தர் இசைவின்றித் தீவை விட்டு வெளியேறலாகாது. அவர்தம் மனைவியரும் அங்கே வரலாகாது. தீவின் வாயிலில் நாட்டப்பெற்ற அறிவிப்புப் பலகை, பெண்களுள் கணிகையர் மட்டுமே உள்ளே செல்லலாம் என்று விதித்தது. நாகசாகியின் மருயாமா என்னும் பகுதியிலிருந்து அவர்கள் அனுப்பப்பெற்றனர். நாகசாகி நகரத்து அச்சுக்கூடங்கள் வெளியிட்ட மரக்கட்டைப் படங்களில் செம்மயிர் ஒல்லாந்தரும், அவர்களுடைய கப்பலும், கிண்ணம் ஏந்திய மேசையும், அருகே ஜப்பானியக் கணிகையும் இடம்பெறுகின்றனர். கொச்சியில் மிளகுக் கணக்கு எழுதிய கம்பெனியின் ஆட்களே மறு கரையில் படப்பொருளாயினர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஆனால் மரக்கட்டை ஓவியம் முழுமலர்ச்சி பெற்றது இன்று தோக்கியோ என வழங்கும் எடோ நகரில். ‘உகியோ-எ’ என்பது அக்கலையின் பெயர். மிதந்து செல்லும் உலகத்தின் சித்திரம் என்று பொருள்படும். ஓவியர் வரைவார், செதுக்குவோர் அதனைச் செர்ரி மரப்பலகையில் செதுக்குவார், அச்சிடுவோர் தாளில் பதிப்பார், இம்மூவரையும் கூலி கொடுத்து இயக்கி விற்பனை செய்பவர் வெளியீட்டாளர். 1765-ஆம் ஆண்டளவில், ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒவ்வொரு பலகை வைத்துப் பலவண்ணப் படங்களை அச்சிடும் முறை சுசுகி ஹருநோபு என்னும் ஓவியர் காலத்தில் நிலைபெற்றது. பிரபுக்களின் பட்டுத்திரைக்கு உரியதாயிருந்த சித்திரம், எளிய வணிகரும் தொழிலாளரும் சில காசு கொடுத்து வாங்கும் பொருளாயிற்று. அப்படங்களில் மக்கள் பெரிதும் விரும்பியவை இரண்டு: நாடக நடிகர் படம், யோஷிவாராக் கணிகையர் படம்.

யோஷிவாரா என்பது அரசு இசைவு பெற்ற கணிகையர் சேரி. 1617-இல் இசைவு பெற்று மறு ஆண்டு திறக்கப்பெற்றது. 1657-இல் எடோவை எரித்த பெருந்தீக்குப் பின் நகர்ப்புறத்தே அசகுசாவுக்கு அப்பால் மாற்றி அமைக்கப்பெற்றது. சுற்றிலும் அகழி; போக வரப் பெருவாயில் ஒன்றே. அதனுள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் இருந்தனர். பெரும்பாலோர் வறிய பெற்றோர் கடனுக்காகச் சிறு வயதிலேயே ஒப்பந்தத்தில் விடப்பட்டவர்கள். பத்தாண்டு ஒப்பந்தம் என்பர். ஆனால் அவள் உடுத்த பட்டும், தலையிற் செருகிய கொண்டை ஊசிகளும், உடன் வளர்ந்த சிறுமியரின் செலவும் அவள் கணக்கிலேயே ஏறுமாதலால் கடன் குறைவதற்கு மாறாக வளர்ந்தது.

இந்தச் சேரியின் பெருவாயிலருகே சிறு புத்தகக் கடை வைத்துத் தொழில் தொடங்கியவர் த்சுதாயா ஜூசபுரோ. யோஷிவாராவில் எந்த வீட்டில் எந்தப் பெண் இருக்கிறாள், அவள் தரம் என்ன என்பதைப் பட்டியலிட்ட கைநூல்களை அவர் வெளியிட்டு வந்தார். பிற்காலத்தில் கிதகாவா உதமாரோ போன்ற பேரோவியர்களை ஊக்கி வளர்த்தவரும் அவரே. ஆகவே உகியோ-எ படத்தில் கணிகையின் பெயரும் அவள் வீட்டின் பெயரும் முகத்தருகே தெளிவாக எழுதப்பெற்றிருப்பதைக் கண்டு, ‘ஆகா! பெண்ணின் பெயரைப் போற்றிய நாடு’ என்று நாம் விரைந்து முடிவு கட்டலாகாது. அப்பெயர் கடையின் பெயர்ப்பலகை போன்றது. ஓகியா வீட்டின் ‘ஹனாஓகி’ என்னும் பெயர் ஒருத்திக்குப் பின் ஒருத்தியாகப் பலரால் தாங்கப்பெற்றது. பெயர் வீட்டின் உடைமை. தாய் வைத்த பெயர் வாயிலுக்கு வெளியே விடப்பட்டது.

முகமும் அவ்வாறே. உதமாரோவின் படங்களில் முகத்தை விடக் கழுத்தின் வளைவும், கொண்டையின் கோணமும், ஆடையின் மடிப்புமே ஒருத்தியை மற்றொருத்தியினின்றும் பிரித்துக் காட்டுவன. அரசாங்கத்துக்கும் இதில் அக்கறை இருந்தது. கணிகையர் அல்லாத பெண்களின் பெயரைப் படத்தில் எழுதலாகாது என்று 1793-இல் ஆணை பிறந்தது. தேநீர்க்கடைப் பெண்களின் பெயரை விடுகதைச் சித்திரமாக மாற்றி உதமாரோ எழுதினார். 1796-இல் அதுவும் தடுக்கப்பெற்றது. குடிப்பெண்ணின் பெயரை மறைப்பது மானம் என்றும், கணிகையின் பெயரை விளம்பரம் செய்வது வாணிகம் என்றும் ஆட்சியாளர் கருதினர் போலும். 1804-இல் உதமாரோவே, பழைய ஆட்சித் தலைவர் ஹிதெயோஷியைப் படத்தில் தீட்டிய குற்றத்துக்காக 50 நாள் கைவிலங்கு பூண்டார்.

இருப்பினும், கலைஞன் கண் சில வேளை வாணிகத்தின் எல்லையைத் தாண்டிப் பார்க்கிறது. 1794-ஆம் ஆண்டையொட்டி உதமாரோ தீட்டிய யோஷிவாராவின் பன்னிரு யாமப் படங்கள் அதற்குச் சான்று. அவற்றுள் நள்ளிரவு கடந்த எருது யாமத்துப் படத்தில் ஒருத்தி தூக்கக் கலக்கத்தோடு எழுந்து நிற்கிறாள். ஒரு கையில் முறுக்கிக் கொளுத்திய காகிதத் திரி. கால் இருட்டில் செருப்பைத் தேடுகிறது. அவளை யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்று அவள் எண்ணுகிறாள். ஒப்பனைக்கு நடுவே களைப்பைக் கண்ட படம் அது.

மற்றொன்றும் குறிப்பிடத்தக்கது. கிதாவோ மசநோபு என்னும் ஓவியர், எழுத்தாளராகிச் சாந்தோ கியோதென் எனப் பெயர்பெற்றவர், 1784-இல் த்சுதாயா வெளியீடாக ஒரு படநூல் அளித்தார். அதில் யோஷிவாராவின் பேர்பெற்ற கணிகையர் படங்களோடு, அவரவர் கையெழுத்திலேயே கவிதைகள் பொறிக்கப்பெற்றன. மரப்பலகையில் செதுக்கப்பட்டதாயினும் கையின் ஓட்டம் அவர்களுடையது. முகம் ஓவியருக்கு உரியதாயிருக்கலாம்; எழுத்து அவர்களுக்கு உரியது. இதனை வெளியிட்டதும் வாணிகத்துக்காகவே என்பது உண்மை. ஆனால் வாணிகம் திறந்த சாளரத்தின் வழியேனும் அவர்களது கை வெளியே தெரிந்தது.

யோஷிவாராவின் மறுபக்கம் ஒரு கோயிலில் இருக்கிறது. தோக்கியோவில் மினோவாவிலுள்ள ஜோகான்-ஜி என்னும் அக்கோயிலில், உரியார் எவருமின்றி இறந்த கணிகையர் அடக்கம் செய்யப்பெற்றனர். அவர்கள் தொகை ஏறக்குறைய 25,000 என்பர். 1855-இல் எடோவைத் தாக்கிய நிலநடுக்கத்தில் மாண்ட பெண்களும் அங்கே கொண்டுசெல்லப்பட்டனர். ‘வீசியெறியும் கோயில்’ என்று மக்கள் அதற்கு இட்ட பெயர் இன்றும் வழங்குகிறது. நகரத்தின் சுவர்களில் எல்லாம் பெயரோடு ஒட்டப்பட்டவர்கள் பெயரின்றி மண்ணுக்குள் சென்றனர்.

இவ்வளவும் பிறநாட்டுக் கதை என்று தள்ளிவிடாமல், நம் வீட்டுக்குத் திரும்பி வருவோம். தமிழகத்தில் கணிகையென்றால் மாதவியை எண்ணாதார் இல்லை. அவளுடைய பசும்பொன் மாலைக்கு 1,008 கழஞ்சு விலை கூறப்பட்டது என்று சிலப்பதிகாரம் விலையையும் சொல்கிறது. அவள் கோவலனுக்கு எழுதிய மடலையும் சொல்கிறது. சேரர் குடிப்பிறந்தவராகப் போற்றப்படும் இளங்கோவடிகள் அவள்பால் காட்டிய பரிவு பெரிது. எனினும் மாதவி காவியத்து மகள். மண்ணில் நடந்த பெண்களின் பதிவைக் காணத் தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் செல்லல் வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. கோயிலுக்குத் தொண்டு பூண்ட தேவரடியாரும், தளிச்சேரிப் பெண்டுகளும், அரசவை ஆடல் மகளிரும், பொருட்பெண்டிரும் ஒரே வகுப்பினர் அல்லர். நூற்றாண்டுகள் செல்லச்செல்ல, பலர் பார்வையில் இவர்கள் ஒன்றாகக் குழப்பப்பட்டனர். சோழர் காலத்து ஆடல் மகளிரைக் கணிகையர் என்று அழைத்தல் வரலாற்றுக்குப் பொருந்தாது. பெண்ணின் கலையைப் பதிவு செய்யும் முறையை ஒப்புநோக்கவே அவர்களை இங்கு நினைக்கிறோம்.

முதலாம் இராசராசன் தன் 29-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1014-ஆம் ஆண்டளவில், பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளைத் தஞ்சைக்கு வரவழைத்துக் குடியமர்த்தினான். அவர்கள் ஒவ்வொருவரையும் பற்றிக் கல்வெட்டு கூறுவது வியப்புக்குரியது. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, முன்னே இருந்த ஊர் எது, கோயில் எது, பெயர் என்ன, பங்கு எத்துணை என்று வரிசையாகச் சொல்கிறது. ஆளுக்கு ஒரு வீடும் ஒரு பங்கும் உண்டு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுதோறும் 100 கலம் நெல். ஒருத்தி இறந்தாலோ ஊரை விட்டுப் போனாலோ அவளுக்கு அடுத்த முறையினர் அப்பணியைச் செய்து பங்கைப் பெறலாம். தகுதி இல்லையாயின் தகுந்தவரைத் தேர்ந்து அமர்த்தலாம். பட்டியலின் தொடக்கத்தில் நிற்பவள், திருவையாற்று ஓலோகமாதேவீச்சரத்திலிருந்து வந்த நக்கன் சேரமங்கை. தொடர்ந்து வருவோருள் எடுத்தபாதம் என்று ஒருத்தி பெயர். கூத்தனின் தூக்கிய திருவடியையே மகளுக்குப் பெயராக வைத்த பெற்றோரை எண்ணிப் பார்க்கிறோம். மட்டாஞ்சேரியில் இருந்து படிக்கும் நமக்குச் சேரமங்கை என்னும் பெயர் இன்னும் சற்று இனிக்கிறது.

அக்கோயிலின் கருவறையைச் சூழ்ந்த இருண்ட சுற்றில் சோழர் காலத்து ஓவியங்கள் உள்ளன. நாயக்கர் காலத்துப் பூச்சுக்கு அடியில் மறைந்துகிடந்த அவற்றை 1931-இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்து உலகுக்கு உரைத்தார். அங்கே ஆடல் மகளிர் ஆடுகின்றனர். இடை ஒசிய, கை வளைய, கால் ஒரு கணம் நிலத்தை விட்டு எழும் அந்த ஓவியத்தைப் பார்த்தவர் மறப்பதில்லை. ஆனால் அவர்கள் தலைமேல் பெயர் எழுதப்பெறவில்லை. வெளியே கல்லில் 400 பெயர். உள்ளே சுண்ணத்தில் பெயரற்ற உருவங்கள். இரண்டுக்கும் இடையே கற்சுவர். எந்தப் பெயர் எந்த உருவத்துக்கு உரியது என்று இணைப்பார் இல்லை. அவை தொடர்புடையனவே என்று துணிந்து கூறவும் நமக்கு உரிமை இல்லை.

எடோவில் பெயரும் முகமும் ஒரே தாளில் அச்சாயின; ஆனால் இரண்டுமே அவளுடையன அல்ல. தஞ்சையில் பெயர் வேறாகவும் உருவம் வேறாகவும் நின்றன. ஆனால் பெயர் அவளுடையது, வீடு அவளுடையது, நெல்லும் அவளுடையது. கணக்கர் எழுதிய வறண்ட பட்டியல், கவிஞர் பாடிய ஆயிரம் உவமைகளைக் காட்டிலும் அவளுக்கு நேர்மையாக நடந்துகொண்டது.

எனினும் பட்டியலும் அவள் பேச்சு ஆகாது. அவளே பேசிய இடமும் தஞ்சையே. மராத்திய மன்னர் பிரதாபசிம்மர் 1739 முதல் 1763 வரை தஞ்சையை ஆண்டார். அவர் அவையிலிருந்த முத்துப்பழனி என்னும் கணிகை, ‘ராதிகா சாந்துவனமு’ என்னும் காவியத்தைத் தெலுங்கில் இயற்றினாள். கண்ணனும் இராதையும் ஊடியும் கூடியும் நிற்கும் கதை அது. மட்டாஞ்சேரிச் சுவரில் நாம் கண்ட கண்ணனும் கோபியருமே இங்கும் வருகின்றனர். வேறுபாடு ஒன்று உண்டு: இங்கே இராதையின் நெஞ்சைச் சொல்பவள் ஒரு பெண். நூலின் முகப்பில் அவள் தன் மரபைத் தன் பாட்டி தஞ்சநாயகியோடு இணைத்துச் சொல்லிக்கொண்டாள். தன்னைப் பிறர் வருணிக்குமுன் தானே தன்னை அறிமுகம் செய்துகொண்டாள்.

அந்நூல் பின்னர்ப் பட்ட பாடும் கேட்கத்தக்கது. அச்சேறிய பதிப்பொன்றில் பகுதிகள் விடப்பட்டிருந்ததைக் கண்ட பெங்களூர் நாகரத்தினம்மாள், சுவடியைத் தேடிப் பெற்று, 1910-இல் சென்னை வாவிள்ள இராமசுவாமி சாஸ்திரிகள் நிறுவனத்தின் வாயிலாக முழுமையாக வெளியிட்டார். தேவதாசி மரபில் பிறந்து இசையால் உயர்ந்தவர் அவர். ஆபாசம் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 1911-இல் அரசாங்கம் தடை விதித்தது. ஆண்கவிஞர் பலர் எழுதிய சிருங்கார நூல்கள் பண்டிதர் கையில் உலவும்போது ஒரு பெண் எழுதியதற்கு மட்டும் நாணுவானேன் என்பது நாகரத்தினம்மாளின் வினா. 1947-இல்தான் தடை நீங்கிற்று.

அதே 1947-இல், பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. அதற்காக முன்னரே சட்டசபையில் வாதாடியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி; அவருடைய அன்னையும் அம்மரபில் வந்தவர். அவ்வழக்கத்தின் கொடுமையை 1936-இல் ஒரு நாவலாகவே எழுதி வெளியிட்டவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். அவரும் அதனுள் வளர்ந்து வெளியேறியவர். சட்டத்தால் கலையும் சொத்துரிமையும் பறிபோகும் என்று எதிர்த்து நின்றோருள் நாகரத்தினம்மாளும் இருந்தார். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூறுவது இப்பேச்சின் நோக்கம் அன்று. வாய் திறந்து பேசியபோது அவர்கள் ஒரே குரலில் பேசவில்லை என்பதே நாம் கருதத்தக்கது. சுவரோவியத்துப் பெண்கள் எல்லாரும் ஒரே முகம் உடையவர்கள். உண்மைப் பெண்கள் கருத்தால் வேறுபட்டனர், வாதிட்டனர், கண்ணீர் வடித்தனர், வென்றும் தோற்றும் போயினர். யோஷிவாராவும் 1956-இல் இயற்றி 1958-இல் முழுமையாக நடைமுறைக்கு வந்த சட்டத்தால் மூடப்பெற்றது. படங்களோ உலகத்து அருங்காட்சியகங்களில் வாழ்கின்றன.

நாகரத்தினம்மாள் தம் பொருளையெல்லாம் செலவிட்டுத் திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகளின் சமாதிக்குக் கோயில் எழுப்பினார். ஆராதனையில் பெண்கள் பாட இடம் மறுக்கப்பட்ட நாளில் பெண்களைத் திரட்டிப் பாட வைத்தார். 1952-இல் அவர் மறைந்தபின், அச்சமாதியை நோக்கியவாறே அவருக்கும் சிலை அமைந்தது. சேரமங்கை புறப்பட்ட ஊரும் திருவையாறே என்பதை மீண்டும் நினைக்கிறோம். 1014-இல் கணக்கர் கையால் கல்லில் ஏறிய பெயர் ஒன்று. 900 ஆண்டுகளுக்குப் பின் தன் கையால் தன் பெயரை ஊன்றிக்கொண்டவர் ஒருவர். முகமும் பெயரும் குரலும் ஓரிடத்தில் கூட அத்துணைக் காலம் பிடித்தது.

இனி மட்டாஞ்சேரிக்கே திரும்புவோம். பிறமாநிலத்தில் வாழும் நமக்கு இப்பொருள் தொலைவானது அன்று. கொச்சிக் கோட்டைப் பகுதியில் சலவைத் தொழில் செய்யும் தமிழ்க் குடும்பங்கள், தம் முன்னோர் ஒல்லாந்தர் காலத்தில் படைவீரர் உடைகளை வெளுக்க அழைத்துவரப்பட்டவர் என்று இன்றும் சொல்லிக்கொள்கின்றனர். தளபதிகளின் உருவப்படங்கள் உண்டு. வெளுத்தவர்களின் முகத்தை எழுதி வைத்தவர் யார்? பிறர் ஏட்டில் ஒரு வரியாக, பிறர் சித்திரத்தில் ஓர் ஓரமாக நிற்பது எத்தகையது என்பதை ஊர்விட்டு ஊர் வந்தவர் நன்கறிவர். அந்த அறிவோடு நோக்கினால், பழைய சித்திரத்துப் பெண்ணின் மௌனம் நமக்கு எளிதில் விளங்கும்.

ஆகவே, அடுத்த முறை பிள்ளைகளோடு அரண்மனைக்குச் செல்லும்போது கீழ்த்தளத்து அறைகளிலும் சற்று நிற்போம். வண்ணங்களை வியப்போம், வியத்தற்குரியனவே. அதன்பின், வண்ணம் பெறாமல் கோட்டளவில் நின்ற பெண்ணுருவங்களையும் காட்டுவோம். ‘இவர்கள் யார்?’ என்று பிள்ளை கேட்டால், கதையிலுள்ள பெயரைச் சொல்வோம். மீண்டும், ‘இவர்களைப் போல உண்மையில் யாராவது இருந்தார்களா?’ என்று கேட்டால், உண்ணியச்சியையும், எருது யாமத்தில் செருப்பைத் தேடியவளையும், சேரமங்கையையும், முத்துப்பழனியையும் சொல்வோம். நேயர்கள் அந்தப் பெயர்களைப் பிள்ளைகளுக்குக் கைமாற்றிக் கொடுப்பார்களாயின், இச்சிறு பேச்சு பயன் பெற்றதாகும்.